உயரம் சொல்லப்படாத ஆலயம்

பேருந்து சிக்னலில் நின்றிருந்தது. ஜன்னல் வழியே சும்மா வெளியே பார்த்த ஸ்கேலக்கா சட்டென்று சீட்டைவிட்டு எழுந்துவிட்டாள். சோடாபுட்டியின் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், அவளுடைய ஆலயம் நின்றுகொண்டிருந்தது.

"இறங்கணும், இறங்கணும்!"

"இது ஸ்டாப் இல்லம்மா" என்றார் கண்டக்டர்.

"எனக்கு ஸ்டாப் வந்திருச்சு" என்று சொல்லி, பக்கத்துச் சீட்டுக்காரரின் காலை மிதித்துக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள்.

கட்டிட மாதிரிகள் செய்யும் பட்டறை நடத்துபவள் அவள். கொண்டையில் எந்நேரமும் ஒரு சின்ன இரும்பு ஸ்கேல் செருகியிருக்கும். அதனால் ஊருக்கே ஸ்கேலக்கா. சோடாபுட்டி அதே தொழிலில் அவளுக்குப் போட்டி. அவர் மூக்குக் கண்ணாடியின் தடிமனுக்கு வைத்த பெயர் அது. அவரும் அதை ரசித்துக்கொள்வார்.

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அளவு சிறியது. மற்றபடி அதேதான். சதுரமான சுற்றுமதில், மூன்று பக்கம் வாசல்கள், வெளிமுற்றம், அதைவிட உயரத்தில் உள்முற்றம், நட்டநடுவே பலிபீடம், அதற்கும் மேற்கே படியேறிப் போனால் ஆலய வீடு.

எசேக்கியேல் என்ற எபிரேயத் தீர்க்கதரிசி, நாடு கடத்தப்பட்டு அந்நிய மண்ணில் வாழ்ந்த காலத்தில் தரிசனத்தில் கண்ட ஆலயம் அது. அந்த அளவுகளின்படி யாரும் அதைக் கட்டியதில்லை. வெண்கலம் போல மின்னும் ஒரு மனிதன், கையில் கோலும் நூலுமாக முன்னே நடந்து, வாசல் வாசலாக, அறை அறையாக அளந்து காட்டுகிறான். பின்னாலேயே போய்த் தீர்க்கதரிசி பார்க்கிறார். நகரத்தின் பெரிய தேவாலயம் தன் புது மண்டபத்தில் வைக்க இந்த ஆலயத்தின் மாதிரியைத்தான் ஸ்கேலக்காவிடம் செய்யச் சொல்லியிருந்தது. அவள் பட்டறைக்கு இத்தனை பெரிய வேலை இதுவரை வந்ததில்லை.

ஸ்கேலக்கா கடையின் பக்கவாட்டுக்கு நகர்ந்து, கிழக்கு வாசலுக்கு நேராகக் குனிந்தாள். அந்த வாசல் மூடியிருக்க வேண்டும். கர்த்தர் அந்த வழியாக உள்ளே வந்துவிட்டதால் இனி வேறு யாரும் அதில் நுழையக் கூடாது என்பது தரிசனத்தின் கட்டளை. அவள் தன் மாதிரியில் மூடிய கதவுகளின் நடுவே மயிரிழை இடைவெளி விட்டிருந்தாள். அதில் ஒற்றைக் கண்ணை வைத்தால், பலிபீடத்தின் கொம்புகளுக்கு மேலே மூன்று நிலைச்சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். மண்டபத்துடையது, பெரிய அறையுடையது, எல்லாவற்றுக்கும் உள்ளே மகா பரிசுத்த அறையுடையது. உள்ளே போகப் போக வாசல்கள் சிறுத்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு துளி இருட்டு.

சோடாபுட்டியின் ஆலயத்திலும் மூன்று சட்டங்கள் தெரிந்தன. அதே துளி இருட்டும் தெரிந்தது.

"திருட்டுப் பசங்க" என்றாள் கண்ணாடியிடம்.

---

"ஒரே வேதம். ஒரே அளவு. அப்புறம் ஒரே மாதிரிதானே வரும்?" என்றான் அவள் கணவன். பட்டறைக்குப் பெயின்ட்டரும் அவன்தான், டெலிவரியும் அவன்தான். வாசற்படியின் கீழிருந்து ஊறிக் கிழக்கே ஓடும் நதிக்கு அப்போது நீலம் கலந்துகொண்டிருந்தான். ஆலயத்தின் வாசலில் கசிவாகப் புறப்பட்டு, கணுக்கால் அளவாகி, போகப் போக நீந்தினால்தான் கடக்க முடியும் என்ற அளவுக்கு ஆழமாகிற நதி. அந்த ஆழத்தைப் பெயின்டிலேயே காட்டியாக வேண்டும்.

"நீளம் வேதத்துல இருக்குங்க. அகலம் இருக்கு. உயரம் இல்லை."

"இல்லையா?"

"சுத்துமதிலுக்கு இருக்கு. பலிபீடத்துக்கு இருக்கு. மேஜைக்கு இருக்கு. இன்னும் ஒண்ணு ரெண்டுக்கு இருக்கு. ஆலய வீட்டுக்குக் கிடையாது. கதவுகளுக்குக் கிடையாது. பக்கத்துல மூணு அடுக்கா அறைங்க இருக்கே, அதுக்குக் கிடையாது. எல்லாம் நானா வெச்சது. மூணு சட்டமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு தெரியணும்னு எத்தனை தடவை வெட்டி வெட்டி ஒட்டினேன் தெரியுமா? அந்த ஆளுக்கு எப்படி அதே உயரம் வரும்?"

பெயின்ட்டர் தூரிகையைக் கீழே வைத்தான். "உயரம் உன்னுதுன்னு மூப்பருக்குத் தெரியுமா?"

அங்கேதான் சங்கடம். வேலையைக் கொடுக்கும்போது தேவாலயத்தின் மூப்பர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "ஒண்ணும் சேர்க்கக் கூடாது, ஒண்ணும் எடுக்கக் கூடாது. எல்லாம் வேதப்படிதானே?" ஸ்கேலக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "எல்லாம் வேதப்படிதான் ஐயா" என்றிருந்தாள். சுவருக்கு உயரம் இல்லாமல் எந்த மாதிரியைச் செய்ய முடியும்? அதையெல்லாம் விளக்கப் போனால் கமிட்டி கூடும், கமிட்டி கூடினால் அடுத்த கமிட்டி கூடும்.

"இப்ப பேச்சு அது இல்லை" என்றாள். "வெளியே யார் கொண்டுபோனாங்கங்கறதுதான் பேச்சு. இந்த உயரம் மூணு பேருக்குத்தான் தெரியும். நீங்க, நான்..."

மூன்றாவது ஆளை அவள் சொல்லவில்லை. சன்னலோரம் உயர ஸ்டூலில் காலை மடக்கி உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை நெற்றியிலும் இயர்ஃபோனைக் காதிலும் மாட்டிக்கொண்டு, இந்தப் பேச்சு எதுவும் கேட்காமல் ஒருத்தி செதுக்கிக்கொண்டிருந்தாள். பெயின்ட்டரின் தங்கை. எப்போதும் கிளையில் உட்கார்ந்த மாதிரியே உட்காருவதால் குருவி.

அந்தக் குருவிக்கும் சோடாபுட்டி கடையில் லேசர் ஒளியால் வெட்டும் மெஷினை ஓட்டுகிறவனுக்கும் கல்யாணம் பேசி முடிவாகியிருந்தது. ஸ்கேலக்காவுக்கு அந்தச் சம்பந்தத்தில் ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை. "ஊர்ல வேற பட்டறையே இல்லையா?" என்று கேட்டவள் அவள். இப்போது கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

---

அன்றிலிருந்து அவள் கண்ணுக்குக் குருவி செய்வதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. குருவி ஃபோனில் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள்? மாதிரிக்கு முன்னால் நின்று ஃபோனைத் தூக்கினால் எதைப் படம் பிடிக்கிறாள்? மாலையில் சீக்கிரம் கிளம்பினால் எங்கே போகிறாள்? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வெளியே போகும்போது ஸ்கேலக்காவின் கண் அந்தப் பையோடு தெருமுனை வரை போய் வரும். பட்டறைப் பின்கதவுக்குப் புதுப்பூட்டு வந்தது. இரண்டு நாள் கழித்து முன்கதவுக்கும் வந்தது.

"கர்த்தர் கிழக்கு வாசல் ஒண்ணைத்தான் மூடினார். நீ எல்லா வாசலையும் மூடிட்டே" என்றான் பெயின்ட்டர்.

"அவர் வாசல்ல மெஷின்காரன் வந்து நிக்கல."

குருவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வேலை நுணுக்கமானது. ஆலய வீட்டின் உட்சுவர் முழுக்க, தரையிலிருந்து கதவுக்கு மேல் வரை, கேருபீன்களும் பேரீச்சமரங்களும் மாறி மாறி வர வேண்டும். கேருபீன் என்றால் இறக்கை முளைத்த தேவதூதக் காவலர். ஒவ்வொருவருக்கும் இரண்டு முகம். மனித முகம் இந்தப் பக்கத்துப் பேரீச்சமரத்தைப் பார்க்கும், சிங்க முகம் அந்தப் பக்கத்துப் பேரீச்சமரத்தைப் பார்க்கும். ஒரு கடுகளவு சிங்கத்துக்குப் பிடரி செதுக்கி முடிப்பதற்குள் குருவிக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

"அண்ணி, சுவரைக் கொஞ்சம் குட்டையா வெச்சிருந்தா எனக்கு ஒரு வரிசை குறைஞ்சிருக்கும்ல?" என்று வேலை ஆரம்பித்த புதிதில் அவள் கேட்டதுண்டு.

"வேதத்துல அப்படித்தான் இருக்கு. செதுக்கு."

பட்டறையில் எந்த வாக்குவாதத்தையும் ஸ்கேலக்கா முடித்துவைப்பது அந்த ஒரே வாக்கியத்தில்தான். கதவு ஏன் இத்தனை உயரம்? வேதத்துல அப்படித்தான். படிக்கட்டு ஏன் இத்தனை செங்குத்து? வேதத்துல அப்படித்தான். அந்தப் பகுதியைப் படித்தவள் அவள் ஒருத்தி மட்டுமே. அண்ணனும் தங்கையும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இல்லை, படித்ததும் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் குருவி முடித்த பலகையை நீட்டியபோது ஸ்கேலக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு முகம் செதுக்கிச் செதுக்கி சில பேருக்கே ரெண்டு முகம் வந்திடும் போல" என்றாள்.

குருவி பூதக்கண்ணாடியை மேலே தள்ளினாள். "இது ரெண்டும் மரத்தைத்தான் பார்க்குது அண்ணி. பக்கத்துல உட்கார்ந்து வேலை செய்யறவளை முறைக்கல. என்ன விஷயம், நேராச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லை. வேலையைப் பாரு."

நேராகச் சொல்ல ஆதாரம் வேண்டுமே. அதற்கு அவள் ஒரு பொறி வைத்தாள்.

ஆலய வீட்டுக்குப் பின்னால், மேற்கே, ஒரு பெரிய கட்டிடம் உண்டு. அது எதற்கு என்று தரிசனத்தில் ஒரு வார்த்தை இல்லை. உள்ளே என்ன, யார் போவார்கள், எதுவும் இல்லை. நீளமும் அகலமும் சுவரின் கனமும் மட்டும். ஸ்கேலக்கா அதைத் தணிவாகவே வைத்திருந்தாள், பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை மறைக்கக் கூடாது என்று. பெயின்ட்டர் டெலிவரிக்குப் போன நேரமாகப் பார்த்துக் குருவியிடம் சொன்னாள்:

"மேற்குக் கட்டிடத்தை ஏத்தணும்டி. ஆலய வீட்டைவிட ஒரு சுண்டுவிரல் அதிகமா."

"ஐயோ, அசிங்கமா இருக்குமே அண்ணி. வீட்டுக்குப் பின்னாடி வீட்டைவிடப் பெருசா ஒண்ணா?"

"வேதத்துல அப்படித்தான் இருக்கு. திரும்பப் படிச்சேன். முன்னாடி நான் தப்பா வெச்சிட்டேன்."

"அப்படியா?" குருவியின் முகத்தில் ஒரு கவலை வந்து போனது. ஸ்கேலக்கா அதைக் குறித்துக்கொண்டாள். இதை வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை, கணவனிடம்கூட.

இரண்டு நாள் கழித்து சோடாபுட்டி கடை முன்னால் போய் நின்றாள். மேற்குக் கட்டிடம் வளர்ந்திருந்தது. பெயின்ட் அடித்த சுவருக்கு மேலே பெயின்ட் படாத புது மரத்துண்டு ஒட்டி, ஆலய வீட்டைவிட ஒரு சுண்டுவிரல் உயரமாக, முதுகில் கூன் விழுந்த மாதிரி நின்றது. சந்தேகம் நிஜமாகும்போது மனசுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம் வருமே, அது வந்தது. அப்படியே பெயின்ட்டரை ஃபோனில் கூப்பிட்டாள்.

"உடனே வாங்க. உங்க தங்கச்சியோட லட்சணத்தைக் காட்டறேன்."

---

சோடாபுட்டி குள்ளமான, அடக்கமான மனிதர். "வாங்கம்மா, உட்காருங்க. டீ சொல்லட்டுமா?" என்றார்.

"டீ வேண்டாம். அந்த மேற்குக் கட்டிடத்துக்கு உயரம் எங்கேருந்து வந்ததுன்னு சொல்லுங்க."

அவர் மெஷின்காரனைத் திரும்பிப் பார்த்தார். நெட்டையான இளைஞன், தலை முழுக்க மரத்தூள். கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஒளிவுமறைவே இல்லாமல், "குருவி சொன்னா சார். அதான் நேத்து ஏத்தினேன்" என்றான்.

"கேட்டீங்களா?" ஸ்கேலக்கா, ஓடிவந்து பக்கத்தில் நின்றிருந்த கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? இந்த ஆலயத்துல உயரம்னு இருக்கறதுல முக்கால்வாசி என் மூளையில பிறந்தது. வேதத்துல கிடையாது. இந்த மேற்குக் கட்டிடம் இருக்கே, இது நான் வெச்ச பொறி. இதைக் குருவிகிட்ட மட்டும்தான் சொன்னேன். ரெண்டே நாள்ல இங்கே வந்து நிக்குது!"

சோடாபுட்டியின் தடித்த கண்ணாடிக்குள் கண்கள் இன்னும் பெரிதாகின.

"என் கடைக்குத் திருட்டுப் பேர் வந்ததே இல்லை" என்றார் மெதுவாக. பிறகு மெஷின்காரனிடம், "யாரைக் கேட்டு அடுத்த பட்டறைப் பேச்சை இங்கே கொண்டுவந்தே? கழட்டு ஏப்ரனை. வெளியே போ."

"சார், நான்..."

"போன்னு சொன்னேன்."

அவன் கழற்றினான். மடித்து மேஜை மேல் வைத்தான். அப்போதுதான் குருவி உள்ளே வந்தாள். அண்ணன் பதறிக்கொண்டு ஓடியதைப் பார்த்து அவளும் பின்னாலேயே வந்திருந்தாள். ஏப்ரனைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"வந்துட்டியா? வா. திருடனுக்கு உளவு சொன்னவளும் வந்தாச்சு" என்றாள் ஸ்கேலக்கா.

"உளவா? என்ன உளவு?"

"மேற்குக் கட்டிடத்தோட உயரத்தை இவன்கிட்ட சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது? வேதத்துல அப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க? திரும்பப் படிச்சேன், முன்னாடி தப்பு பண்ணிட்டேன்னு சொன்னீங்கள்ல? இங்கேயும் அதே தப்பு இருந்துச்சு. தேவாலயத்துக்காரங்க வாங்கிட்டுப் போற பொருளாச்சே, வேதத்துக்கு விரோதமாப் போகக் கூடாதுன்னு, 'உங்கது தப்பு, மாத்துங்க'ன்னு சொன்னேன். அசிங்கமா இருக்கேன்னு இவர்கூடக் கேட்டார். 'எங்க அண்ணி படிச்சுட்டுத்தான் சொல்றாங்க, அழகு பார்த்தா ஆகுமா'ன்னு சண்டை போட்டு மாத்தவெச்சேன்."

மெஷின் யாரும் அணைக்காமல் முனகிக்கொண்டிருந்தது.

"இந்த ஒண்ணு அப்படின்னு வெச்சுக்குவோம். மத்த உயரமெல்லாம்?" ஸ்கேலக்காவின் குரலில் பாதிப் பலம் போய்விட்டிருந்தது. "மூணு சட்டம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு தெரியுதே, அது?"

சோடாபுட்டி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே வெள்ளை அட்டையில் செய்த ஓர் ஆலயம். ஓரங்களில் பசை வழிந்து காய்ந்திருந்தது. ஒரு வாசலில் கட்டைவிரல் பதிந்திருந்தது. ஸ்கேலக்காவுக்கு அந்த விரலைத் தெரியும். அவளுடையதுதான்.

எந்த வேலைக்கும் முதலில் அட்டையில் ஒன்று செய்து காட்டுவது அவர்கள் தொழில் வழக்கம். ஒப்புதல் கிடைத்ததும் அதை மறந்துவிடுவார்கள். குப்பைக்குப் போகிற பொருள் அது. மூப்பருக்குக் காட்டக் கொண்டுபோனதை அவர் அறையிலேயே விட்டுவிட்டு வந்ததை ஸ்கேலக்கா சுத்தமாக மறந்திருந்தாள். உயரம் தெரிந்தவர்களை எண்ணும்போது அட்டையை அவள் எண்ணவே இல்லை.

"மூப்பர்தான் கொடுத்தார்" என்றார் சோடாபுட்டி. "வெளியூர்ல அவங்க பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்காம். பிள்ளைங்களுக்குச் சின்னதா ஒண்ணு வேணும்னார். உங்களுக்கு வேலை நிறைய இருக்குன்னு என்கிட்ட வந்தார். 'எல்லாம் வேதப்படி இருக்கு, அப்படியே செய்ங்க'ன்னார். மூப்பரே சொல்லும்போது நான் எதுக்குத் தனியாப் படிக்கணும்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் முன்னாடி வந்து சொல்லுங்கம்மா. இது திருட்டு இல்லைன்னு. எப்படி வந்ததுன்னு. அப்புறம் இவன் ஏப்ரனைப் பத்திப் பேசலாம்."

குருவி அண்ணியின் அருகே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இவருக்கு வேலை போச்சுன்னா நான் உங்க பட்டறையில ஒரு நாள் இருக்க மாட்டேன். வீட்டுலயும் இருக்க மாட்டேன். பூட்டு மேல பூட்டாப் போட்டீங்களே, எனக்காகவா அது?"



---

தேவாலயத்துக்கு எல்லோரும் சேர்ந்தே நடந்தார்கள். சேர்ந்து என்று சொல்வதற்கில்லை. சோடாபுட்டி முன்னால் வேகமாகப் போனார். குருவியும் மெஷின்காரனும் தெருவின் மறுபக்கமாகப் போனார்கள். பெயின்ட்டர் மனைவியின் காதருகே குனிந்தான்.

"எல்லா உயரமும் வேதத்துலயே இருக்குன்னு மூப்பர்கிட்ட அடிச்சுச் சொல்லிடு. வேதம் பொது. அப்ப திருட்டுமில்லை, உளவுமில்லை. அவனுக்கு வேலை திரும்பக் கிடைச்சிடும், நம்ம வேலையும் நம்மகிட்டயே இருக்கும். கடையில கோபத்துல உளறிட்டேன்னு சொல்லிக்கலாம்."

அவளும் அதையே யோசித்துக்கொண்டுதான் வந்தாள். கச்சிதமான பொய். ஒரு சுவர்கூட இடிக்க வேண்டியதில்லை.

மூப்பர் தன் அறையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தார். ஐந்து பேரும் நுழைந்ததைப் பார்த்து நாற்காலி போதாதே என்று எழுந்துவிட்டார். சோடாபுட்டி சுருக்கமாகச் சொன்னார். மூப்பர் நிதானமாகக் கேட்டார்.

"அட்டை ஆலயத்தை நான்தான் கொடுத்தேன். அதுல என்ன தப்பு? வசனத்தைப் பூட்டியா வெப்பாங்க? எல்லாம் வேதப்படின்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. உயரமும் வேதத்துல இருக்கறதுதானே?"

பெயின்ட்டர் அவள் முழங்கையைத் தொட்டான். ஸ்கேலக்கா தலையை ஆட்டப் போனாள். எதிரே குருவி நின்றிருந்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை. அண்ணி என்ன செய்யப் போகிறாள் என்று வேடிக்கை பார்க்கிற பார்வை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவளைத் தெருமுனை வரை தானும் இப்படித்தானே பார்த்தோம் என்று ஸ்கேலக்காவுக்குத் தோன்றியது.

"இல்லைங்க ஐயா" என்றாள். "மதிலுக்கு இருக்கு, பலிபீடத்துக்கு இருக்கு. வீட்டுக்கு இல்லை, கதவுக்கு இல்லை. நானா வெச்சேன். கேட்டவங்ககிட்டயெல்லாம் வேதத்துல அப்படித்தான்னு சொன்னேன், உங்ககிட்டயும். இந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரும் அதை நம்பினாங்க. வேற ஒரு குத்தமும் பண்ணலை. நான்தான் திருட்டுன்னு கத்தினேன்."

பெயின்ட்டர் கண்ணை மூடிக்கொண்டான்.

மூப்பர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேதத்தை எடுத்துப் புரட்டினார். நேரம் போனது. விரல் வரிவரியாக இறங்கியது, நின்றது, மறுபடி மேலே போனது.

"ஆமாம். இல்லை" என்றார் கடைசியில். ஏமாற்றம் அவர் குரலில் நன்றாகவே தெரிந்தது. "இத்தனை வருஷம் படிச்சிருக்கேன். கவனிக்கலையே. அந்த மனுஷன் கோலைப் படுக்கப் போட்டே அளந்திருக்கான்." இன்னும் ஒரு பக்கம் புரட்டினார். "மகிமை உள்ளே வந்ததும் தீர்க்கதரிசி முகங்குப்புற விழுந்தார்னு இருக்கு. விழுந்து கிடக்கறவருக்குத் தரைதானே தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"அப்ப, வேதத்துல இல்லாத உயரமெல்லாம் வேண்டாம்மா. எடுத்திடுங்க. கமிட்டிக்கு நான் என்னன்னு சொல்றது? உங்க வேலையைத் தொடரணுமான்னே அவங்க கேப்பாங்க."

"உயரத்தை எடுத்தா வீடே இல்லையே ஐயா. வெறும் கோடுதான் இருக்கும். இவ செதுக்கின கேருபீன் எல்லாம் எங்கே நிக்கும்?" ஸ்கேலக்காவின் குரல் உடைந்தது. அவளுடைய மூன்று சட்டங்களுக்காக உடைந்ததா, கழுத்து பிடித்துக்கொண்டு குருவி செதுக்கிய சிங்கப் பிடரிகளுக்காக உடைந்ததா, அவளுக்கே தெரியவில்லை.

"கண்ணாடி ஷீட்டுல பண்ணலாம்" என்றாள் குருவி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் மூப்பரைப் பார்த்து மட்டும் பேசினாள். "உயரம் சொல்லியிருக்கறதை மரத்துல வெப்போம். சொல்லாததை, உள்ளே பார்த்தா அந்தப் பக்கம் தெரியற ஷீட்டுல வெப்போம். பார்க்க வர்றவங்களுக்கு நாமளே சொல்லிடலாம். மரம் வேதம். கண்ணாடி எங்க அண்ணி."

மூப்பரின் உதட்டோரம் அசைந்தது. "கேருபீன்?"

"ஷீட்டுலயே பொறிக்கணும். கையால ஆகாது. கீறினா வெடிச்சிடும். மெஷின் வேணும்." இப்போது சோடாபுட்டியைப் பார்த்தாள். "மெஷினை ஓட்ட ஆளும் வேணும்."

சோடாபுட்டி தொண்டையைச் செருமினார். மெஷின்காரனைப் பார்க்காமலே, "ஏப்ரன் மேஜை மேல இருக்கு. போய்ப் போட்டுக்க" என்றார்.

கமிட்டியிடம் பேசிப் பார்ப்பதாக மூப்பர் சொன்னார். ஒரு சுவரைச் செய்து காட்டுங்கள், பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் வருத்தப்படக் கூடாது.

---

மறுவாரம் அந்த ஒரு சுவருக்காக ஸ்கேலக்கா சோடாபுட்டியின் கடைக்குள் நுழைந்தாள். கையில் உறை பிரிக்காத கண்ணாடி ஷீட். பின்னால் குருவி, செதுக்கிய மரப் பலகைகளை வைத்த பெட்டியோடு வந்தாள். அதைப் பார்த்துத்தான் மெஷினுக்குக் கேருபீன்களின் வடிவம் கொடுக்க வேண்டும்.

"கனமா இருக்கும்டி. குடு, நான் வாங்கிக்கறேன்."

"வேண்டாம் அண்ணி. என் கையிலயே இருக்கட்டும்."

மெஷின்காரன் மரியாதையாக "வாங்க" என்றான். அதோடு சரி. சோடாபுட்டி தன் வேலையை விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். அவருடைய தடித்த மூக்குக்கண்ணாடி ஸ்கேலக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மேஜையில் எதை எடுத்தாலும் அது கூடவே வந்தது. அவளுக்கு முதுகு கூசியது.

ஷீட்டை மெஷினுக்குள் வைத்து, அது நகராமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் ஸ்கேலக்கா, மறுபக்கம் குருவி. கீழே இறங்கிய ஊசிமுனை வெளிச்சம் ஓர் இறக்கையின் முதல் கோட்டைக் கீறியது.

"குருவி, நான் சொன்னதெல்லாம் தப்புடி" என்றாள் ஸ்கேலக்கா, மெஷின் சத்தத்துக்கு நடுவே.

"தெரியும்."

"அவ்வளவுதானா?"

"இப்போதைக்கு அவ்வளவுதான்." குருவி ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க பக்கம் இறங்குது பாருங்க. நேராப் பிடிங்க."

ஸ்கேலக்கா நேராகப் பிடித்தாள்.